மடிப்பு போகாத பதினொரு சனிக்கிழமை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. இந்தப் பக்கம் ஒருத்தி இரண்டு முனையைப் பிடிக்க வேண்டும், அந்தப் பக்கம் ஒருத்தி இரண்டு முனையைப் பிடிக்க வேண்டும். உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அப்படி ஆறு வருஷம் என் எதிரில் நின்றவள் அவள். மூலை பிசகாமல் மடிப்பாள் என்பதால் மடிப்பு என்றே அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. எனக்கு விழுந்த பெயர் வாயாடி. ஊரில் யாரும் சும்மா பெயர் வைப்பதில்லை.

மடிப்புக்கு ஐந்து வயதில் ஒரு மகள். புருஷன் என்று ஒருவன் இருந்தான், பிள்ளை தவழ ஆரம்பித்த மாதம் காணாமல் போனான். அவனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவளுக்கும் சேர்த்து நான் தினமும் திட்டிக்கொண்டிருந்தேன்.

சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பிள்ளை காப்பகத்தை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். எங்கள் மதிய ஷிஃப்ட் முடிய எட்டாகும். நடுவில் உள்ள இரண்டு மணி நேரம் மாடி வீட்டுக்காரி பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். அவள் வீடு மாறிப் போனதும் மடிப்புக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறு மணிக்கு ஓடிப்போய்ப் பிள்ளையை வீட்டில் விட்டு, தட்டில் சாப்பாட்டை மூடி வைத்து, டிவியைப் போட்டு, வெளியே பூட்டிவிட்டு ஓடி வந்தாள். மூன்று நாள் அப்படி நடந்தது. மூன்றாம் நாள் பிள்ளை ஜன்னல் மேல் ஏறி நின்று அம்மா அம்மா என்று தெருவைப் பார்த்துக் கத்தியிருக்கிறது. யாரோ போன் செய்துவிட்டார்கள். இவள் வேலை முடிந்து போனபோது பூட்டு உடைந்து கிடந்தது, பிள்ளை இல்லை.

குழந்தைகள் நல அலுவலகத்தில் ஒரு அதிகாரியம்மா இருந்தார். பிள்ளையை வளர்ப்பு வீடு ஒன்றில் விட்டிருப்பதாகச் சொன்னார்.

"இது தற்காலிகம்தாம்மா. சனிக்கிழமை சனிக்கிழமை ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் இங்க கூட்டிட்டு வருவாங்க, நீங்க வந்து பார்க்கலாம். இந்தப் பேப்பர்ல எல்லாம் இருக்கு, படிச்சுப் பாருங்க."

நான்கு பக்கப் பேப்பர். மடிப்பு அதை எட்டாக மடித்துப் பர்ஸில் வைத்தாள். அவளும் படிக்கவில்லை, எல்லாம் தெரிந்தவள் போல அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் படிக்கவில்லை.

முதல் நான்கு சனிக்கிழமையும் போனாள். நாலு மணி ஆனதும் பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடாதாம். விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்ததாம். நான்காம் முறை வளர்ப்பம்மா அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். அந்த வளர்ப்பம்மா நல்லவள். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாள் சாப்பிடவே மாட்டேங்கறா. படுக்கையை நனைச்சிடறா. உங்களுக்குத் தெரியணும்னுதான் சொல்றேன்."

திங்கட்கிழமை விரிப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு மடிப்பு இதைச் சொன்னாள். அவள் கண் கலங்கியதில் மூலை பிசகியது, நான் பார்த்தேன்.

எங்கள் கூடத்தில் எல்லோரும் பிள்ளையைக் காப்பகத்தில் இறக்கிவிட்டு வந்தவர்கள்தான். அதில் எங்களுக்கு ஒரே சட்டம். வாசலில் இறக்கிவிடு, திரும்பிப் பார்க்காதே. திரும்பிப் பார்த்தவள் பிள்ளை நாள் முழுக்க அழும், பார்க்காமல் வந்தவள் பிள்ளை அரை மணியில் விளையாடப் போய்விடும். இஸ்திரி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று இதை எத்தனை புதுத் தாய்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

"கொஞ்ச நாளைக்கு நீ போகாதேடி. புது இடம், பழகிக்கட்டும். நீ போய்ப் போய் நின்னா புண்ணைக் கிளறுன மாதிரிதான் ஆகும்" என்றேன்.

"பார்க்காம எப்படிக்கா இருக்கறது?"

"உனக்காகப் போறியா, அவளுக்காகப் போறியா?"

கூடத்தில் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். மடிப்பு அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது இன்னொருத்தி.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவள் போகவில்லை. முதல் வாரம் அதிகாரியம்மா போனில் கேட்டபோது உள்ளதைச் சொல்லக் கூச்சப்பட்டு, இன்றைக்கு ஷிஃப்ட் இருக்கிறது என்றாள். சனிக்கிழமை இரண்டு மணி முதல் நாலு மணி வரை என் எதிரில் நின்று, கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகவே விரிப்பு மடித்தாள். பிள்ளை அங்கே தின்றுவிட்டு விளையாடிக்கொண்டிருக்கும் என்று நாங்கள் நினைத்தோம்.

அவள் போவதை நிறுத்திய பன்னிரண்டாவது வாரம் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். தாய்க்குப் பிள்ளை மேல் அக்கறை இல்லாததால், குழந்தையை வளர்ப்பு வீட்டிலேயே நிரந்தரமாக விட வேண்டும் என்று மனு. அதில் ஒரு வரி இருந்தது. பதினொரு சனிக்கிழமையும் குழந்தை அலுவலகத்துக்கு அழைத்து வரப்பட்டது, தாய் வரவில்லை.

"கூட்டிட்டு வந்தாங்களா?" என்றாள் மடிப்பு. "அக்கா, அவ வந்து உக்காந்திருந்தாளா?"

அந்த வரியையே மறுபடி படித்தேன். வரச் சொல்லி நாள் குறித்தவர்களிடம் இனிக் கொஞ்ச நாள் வர மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்றுகூட எங்கள் மூளைக்கு எட்டவில்லை. பதினொரு முறை அந்தப் பிள்ளை தலை வாரி, செருப்புப் போட்டு, இரண்டு மணி நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

இலவசச் சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். மடிப்பின் பர்ஸிலிருந்த பேப்பரை வாங்கி எட்டு மடிப்பையும் பிரித்தார்.

"எல்லாம் இதுலயே இருக்கேம்மா. பிள்ளை வேற வீட்டுல இருந்தாலும் நீங்கதான் அம்மா. பார்க்கற உரிமை இருக்கு. ஸ்கூல்ல எப்படிப் படிக்கறா, உடம்பு எப்படி இருக்குன்னு கேட்கற உரிமை இருக்கு. ஒரு ஆபரேஷன்னா உங்க கையெழுத்து வேணும். பிள்ளை அழுறா, என்ன பண்ணலாம்னு அவங்களையே கேட்டிருக்கலாம், நேரத்தை மாத்திக் கொடுத்திருப்பாங்க. வராம இருந்தா, வேணாம்னு விட்டுட்டீங்கன்னுதான் கோர்ட் எடுத்துக்கும்."

"சாப்பிட மாட்டேங்கறான்னு சொன்னாங்க. அதான்..."

"அழுதது நமக்கு நல்லதும்மா. அம்மாவை விட்டுப் பிரிய மாட்டேங்கறாங்கறதுக்கு அதை விடப் பெரிய சாட்சி என்ன இருக்கு?"

அந்தச் சாட்சியைக் கலைத்தவள் நான். எழுந்து வெளியே போய்விட்டேன்.

விசாரணையில் என்னையும் பேச விட்டார்கள். "நான்தாங்க போகாதேன்னு சொன்னேன், அவ மேல தப்பில்லை" என்றேன்.

"நீங்க சொன்னா பெத்தவ கேட்டுக்கணுமா?" என்றார் நீதிபதி. வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு வாய் எழவில்லை.

மடிப்பு ஒரே வார்த்தைதான் சொன்னாள். "அவ சாப்பிடட்டும்னுதாங்கய்யா போகலை."

நீதிபதி இரண்டு மாதம் தவணை கொடுத்தார். எட்டு சனிக்கிழமை. ஒவ்வொரு முறையும் பிள்ளை தாயிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று அதிகாரி எழுதித் தர வேண்டும், அதைப் பார்த்துத் தீர்ப்பு.

முதல் சனிக்கிழமை நானும் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு மடிப்பு வெளியே வந்தாள்.

"வாங்கன்னு கூப்பிட்டாக்கா என்னை. எப்பவும் வா, போன்னுதானே சொல்லுவா. நாலு மணி ஆனதும் அவளே எழுந்து, போயிட்டு வாங்கன்னா. அழவே இல்லைக்கா."

நாங்கள் நினைத்தது நடந்துவிட்டது. பிள்ளை பழகிவிட்டது. குழந்தை அமைதியாக இருந்தது என்று அதிகாரியம்மா எழுதிக்கொண்டார். இரண்டாவது வாரமும் அமைதி. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஆறாவது வாரமும் அதேதான். மடிப்பு கொண்டுபோன கலர் பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொன்னதாம். பெற்ற தாய்க்கு நன்றி! ஒரு பிள்ளை அழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலை என் எதிரிக்கும் வரக் கூடாது. நான் வேண்டிக்கொண்டேன். பஸ்ஸிலும் வேண்டினேன், மெஷின் முன்னால் நின்றும் வேண்டினேன்.

ஏழாவது சனிக்கிழமை நாலு மணிக்கு உள்ளே ஒரு அலறல் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு நானும் நுழைந்துவிட்டேன். பிள்ளை மடிப்பின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கியது.

"நீ போனா வர மாட்டே! நீ வரவே மாட்டே! போகாதே!"

வளர்ப்பம்மா விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். அதிகாரியம்மா, "சரி சரி, அழக்கூடாது கண்ணு" என்று முதுகைத் தடவினார். மடிப்பு பிள்ளையைத் தூக்கவில்லை, குனிந்து ஒரு முத்தம்கூடக் கொடுக்கவில்லை. பிள்ளையின் தலைக்கு மேலாக மேஜையைக் காட்டிக் கையை நீட்டினாள்.

"சமாதானம் பண்ணாதீங்க மேடம். முதல்ல எழுதுங்க. அழுறான்னு எழுதுங்க."