வெறுங்கையோடு நடந்த பத்து நாள்

போன வருடம் எங்கள் மிளகுக் கொடிகள் பாதிக்கு மேல் வாடிப்போயின. என் வீட்டுக்காரர் வாய்விட்டு எதுவும் சொல்பவர் இல்லை. காலையில் எழுந்ததும் கொடியடியில் போய் நிற்பார். சோற்றைப் பிசைந்துவிட்டு, தின்னாமலே கை கழுவி விடுவார். தலை சுற்றுகிறது என்றதும் பக்கத்து ஊர் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன்.

நர்சம்மா பிரஷர் அதிகம் என்று மாத்திரை கொடுத்தார். உப்பையும் ஊறுகாயையும் குறைக்கச் சொன்னார். அப்புறம் சொன்னதுதான் எங்களுக்குப் புதிது.

"தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் நடங்க அய்யா. கையில ஒண்ணும் எடுக்கக்கூடாது. கையை வீசி, மூச்சை நல்லா இழுத்து விட்டு நடங்க. தோட்டம், காடுங்கற நெனப்பே வரக்கூடாது."

"காலையில இருந்து நடந்துகிட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றார் இவர்.

"அது வேலைக்கு. இது உங்களுக்கு."

எங்கள் மலையில் யாரும் வெறுங்கையோடு ரோட்டில் நடப்பதில்லை. போகும்போது கொடுவாளாவது இருக்கும். வரும்போது தலையில் விறகோ தழையோ இருக்கும். எங்கே போகிறாய் என்று எதிரில் வருபவர் கேட்டால் சொல்ல ஓர் இடம் வேண்டும். முதல் நாள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு போனார். பத்து நாள் விடாமல் போனார். ரோட்டு வளைவில் இருக்கும் கட்டைச் சுவரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்.

"கீழ புளியஞ்சோலைப் பக்கம் பூரா மேகம் எறங்கிக் கெடக்குது புள்ள. பார்த்துகிட்டே இருந்தேன். நெஞ்சு லேசா இருக்குது" என்றார் ஒரு நாள். அன்றைக்கு மறு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பதினோராம் நாள் காலை, குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க அக்கா, மாமனை ஊட்ட உட்டுத் தொரத்தி உட்டுட்டீங்களா? பஸ்ஸு வராத நேரத்துல ரோட்ட அளந்துகிட்டுத் திரியறாரு!"

"பென்சன் வாங்கற ஆபீசராட்டம் இருக்குது நடை" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நான் நாலு பேர் நடுவில் பேசிப் பழகாதவள். 'பிரஷருங்க, நர்சம்மா நடக்கச் சொன்னாங்க' என்று ஒரு வார்த்தை போதும். அது வரவில்லை. நிறையாத குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவர் கிளம்பும்போது சாக்கையும் கொடுவாளையும் எடுத்து நீட்டினேன்.

"கையை வீசித்தான நடக்கச் சொன்னாங்க?" என்றார்.

"தழை என்ன பாறாங்கல்லுங்களா? ஆட்டுக்கு ஒரு கை ஒடிச்சுகிட்டு வாங்க."

என் முகத்தைப் பார்த்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

உழைத்துப் பழகிய ஆள் அரைச் சாக்கோடு திரும்புவாரா? ஒரு கை தழை ஒரு சுமை ஆனது. அதற்காகச் சரிவில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. கட்டைச் சுவரில் உட்காருவது நின்றுபோனது. மேகத்தைப் பற்றி அவர் அப்புறம் பேசவேயில்லை. குழாயடியில் பேச்சு அடங்கியது, நான் நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த மாதம் பார்த்தபோது பிரஷர் ஏறியிருந்தது.

"நடக்கறாராம்மா?" என்று நர்சம்மா என்னைக் கேட்டார்.

"தினமும் போறாருங்க" என்றேன். சுமையைப் பற்றிச் சொல்லவில்லை. இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், தழைச் சுமையோடு வந்தவர் எங்கள் வாசலுக்கு எதிரே ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆம்புலன்ஸ் அத்தனை வளைவும் இறங்கி ஆஸ்பத்திரி சேரும்வரை அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். உயிர் பிழைத்தது. வலது கையும் காலும் பழையபடி வரவில்லை.

போன வாரம் நர்சம்மா கைக்குப் பயிற்சி சொல்லித்தர வீட்டுக்கு வந்தார். இவர் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"மாத்திரையும் போட்டீங்க, நடக்கவும் நடந்தீங்க. அப்புறம் எப்படி அய்யா இப்படி ஆச்சு? பாரம் ஏதாச்சும் தூக்குனீங்களா?"

நான் டீயோடு கதவோரம் நின்றிருந்தேன். இவர் என் பக்கம் திரும்பவேயில்லை. கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாக, "இல்லீங்க. சும்மாத்தான் நடந்தேன்" என்றார்.

நர்சம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் டீயை நீட்டினேன்.