பலெர்மோவில் ஒரு குஸ்தி

இத்தாலி என்றால் எல்லோரும் ரோம், வெனிஸ் என்று போவார்கள். 2016 அக்டோபரில் நாங்கள் சிசிலித் தீவின் பலெர்மோவுக்குப் போனதற்குக் காரணம் இரண்டு சிறுத்தைகள். என் கணவர் நோஷிர், ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த பார்சி. ஆயிரம் வருடங்களுக்கு முன்பு பாரசீகத்தை விட்டுக் கப்பலேறி குஜராத் கரைக்கு வந்த ஜொராஸ்ட்ரியர்களின் வம்சம். பலெர்மோ அரண்மனையில், ஈச்சமரத்துக்கு இரு பக்கமும் எதிரெதிரே நிற்கிற சிறுத்தைகள் பழைய பாரசீகப் பட்டுத்துணியில் வரும் அதே வடிவம் என்று எங்கோ படித்திருக்கிறார். “டிசைன் மேற்கே போச்சு, நாங்க கிழக்கே வந்தோம்” என்று அதையே ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்னையிலிருந்து தோஹா, ரோம் வழியாகப் பலெர்மோ. ஆளுக்கு ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் பேருந்து 6.30 யூரோ, ஐம்பது நிமிடம். பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் இரவுக்கு 45 யூரோவில் அறை எடுத்திருந்தோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடியில் நோஷிர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயசாகிவிட்டது என்றார். ஐம்பத்து நான்கு ஒரு வயசா? நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அன்று இரவு முழுக்க அவர் குறட்டையை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அரண்மனை. நுழைவுச்சீட்டு 12 யூரோ. சிறுத்தைகள் இருக்கும் அறையை வெள்ளி முதல் திங்கள் வரைதான் திறக்கிறார்கள், தேதி போடும்போது கவனியுங்கள். தங்கப் பின்னணியில் சின்னச் சின்னக் கற்கள் பதித்த சிறுத்தைகள், மயில்கள். நோஷிர் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார். குளிர்காற்று வீசியும் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. அறைக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். ஒன்றரை கிலோமீட்டரில் கப்புச்சின் துறவிகளின் நிலவறைக் கல்லறை இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகலாம் என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அங்கே மூன்று யூரோதான். உள்ளே ஆயிரக்கணக்கான உடல்கள், போட்ட உடுப்போடு சுவரோரம் நிற்கின்றன. பிணம் மண்ணையும் நீரையும் நெருப்பையும் தீட்டுப்படுத்தக் கூடாது என்பது பார்சிகளின் பழைய மரபு. அதனால்தான் மும்பையில் உடலை மௌன கோபுரத்தில் பறவைகளுக்கு விடுகிறார்கள். இங்கேயோ நூற்றாண்டுக்கணக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். “செத்தப்புறமும் விடமாட்டேங்கறாங்களே” என்று என் காதில் கிசுகிசுத்தவர், வெளியேறும் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. இடது கையை வலது கையால் பிடித்திருந்தார்.

வாசலில் கிடைத்த டாக்ஸியில் ஏற்றினேன். பன்னிரண்டு யூரோ, பதினைந்து நிமிடம். அது என் முட்டாள்தனம், 118-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழைத்திருக்க வேண்டும். அவசரப் பிரிவில் என் ஆங்கிலம் எடுபடவில்லை. சட்டையை வெட்டிக் கழற்றிவிட்டு, கத்தரிக்கோல் இடுப்புக்குப் போனபோது நோஷிர் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். நான் “ஐயோ, குஸ்தி! குஸ்தி!” என்று கத்தினேன்.

தமிழைக் கேட்டு ஓடிவந்தவர் மேரி. இலங்கை மன்னாரைச் சேர்ந்தவர், லிபெர்த்தா தெருப் பக்கம் ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மாவை, வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிறாராம். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கூட்டிவந்திருந்தார். “அக்கா, பயப்பிடாதேங்கோ, நான் கதைக்கிறன்” என்றவர் நர்ஸிடம் மளமளவென்று ஏதோ சொன்னார். உடனே அவர்கள் நோஷிரின் தலையையும் விலாவையும் தடவித் தடவிப் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நெஞ்சு, நெஞ்சு என்று என் மார்பில் அடித்துக் காட்டினேன்.

மேரி திகைத்துப் போனார். “குஸ்தி எண்டு சொன்னனீங்கள். ஆரோ அடிச்சுப்போட்டினம் எண்டெல்லோ சொல்லிப்போட்டன்.”

குஸ்தி என்பது பார்சிகள் வெள்ளை உள்சட்டைக்கு மேல் இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றும் கம்பளி நூல். சிறுவயதில் சமயத்துக்குள் சேர்க்கும் சடங்கில் கட்டுவது. பிரார்த்தனை சொல்லித்தான் அவிழ்ப்பார்கள், கட்டுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவர் முதல்முறை இந்த வார்த்தையைச் சொன்னபோது, ‘இந்த உடம்பை வைத்துக்கொண்டா?’ என்று நானும் சிரித்தவள்தான். இப்போது அதே வார்த்தை அவர் உயிரின் சில நிமிடங்களைத் தின்றுவிட்டது.

மேரி திருத்திச் சொன்னார். கால் வழியாகக் குழாய் விட வேண்டுமாம், இடுப்பில் எதுவும் இருக்கக் கூடாதாம். “வெட்டத்தான் போகினம் அக்கா. நேரமில்லையாம்.”

பதினெட்டு வருடக் குடித்தனத்தில் நான் தொடாத ஒரே பொருள் அது. தொடாதே என்று யாரும் சொன்னதில்லை. நானாகவே ஒதுங்கியிருந்தேன். ‘நான் அவிழ்க்கட்டுமா?’ என்று கேட்டேன். அவர் கையை எடுத்தார். முன் முடிச்சு வந்துவிட்டது. பின் முடிச்சுக்கு மேரி அவரைச் சாய்த்துப் பிடித்தார். பதற்றத்தில் தப்பான முனையை இழுத்து இறுக்கிவிட்டேன். பல்லால் கடித்து நெகிழ்த்தினேன். மூன்று சுற்றும் கையில் வந்ததும் அவரை உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளியே உட்கார்ந்திருந்தபோது மும்பைதான் ஞாபகம் வந்தது. அங்கே இருந்த மாமியாரின் கடைசி மூன்று மாதம் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்டவள் நான். இறந்ததும் பிரார்த்தனை ஆரம்பிக்கும் முன்பே பார்சி அல்லாதவர்களைத் தனியே உட்கார வைத்தார்கள். அதன்பிறகு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இவரும் கடைசியில் அந்தக் கோபுரத்துக்குத்தான் போக வேண்டும் என்பவர், இவருக்கும் அப்படித்தானே? குஸ்தியை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். மேரி தன் சிஞ்ஞோராவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பயணக் காப்பீட்டில் இதயம் சேருமா என்று கேட்டு எடுங்கள். எங்களுக்குச் சேர்ந்திருந்தது. மாத்திரைப் பெயர்களை இத்தாலிய மொழியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படியில் மூச்சு வாங்கினால் சிறுத்தை எங்கேயும் ஓடிவிடாது, முதலில் மருத்துவரைப் பாருங்கள். பல்லரோ பக்கம் இலங்கைத் தமிழர்கள் நிறைய, ஆபத்தில் தமிழில் கூப்பிட்டால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். என்ன வார்த்தை சொல்கிறோம் என்பதில் மட்டும் கவனம்.

பத்து நாள் கழித்துத் திரும்பும் விமானத்தில் நோஷிர் மெதுவாகச் சொன்னார்: “அங்கயே உயிர் போயிருந்தா நல்லாருந்திருக்கும்னு நெனச்சேன். மும்பைன்னா உன்னை வெளிய உக்கார வெச்சிடுவாங்க. பலெர்மோல யார் தடுக்கப்போறா? கடைசி வரைக்கும் நீ பக்கத்துல இருக்கலாம்.”

இறந்த நான்காம் நாள் விடியலில் உயிர் ஒரு பாலத்தைக் கடக்கிறது, அதுவரை அதற்குத் துணை பார்சி குருமார் ஓதும் பிரார்த்தனைதான் என்று நம்புகிறவர் அவர். எனக்காக அதையும் விட்டுவிட்டுத் தனியாகப் போகத் துணிந்திருக்கிறார்.

“மும்பைக்கே கூட்டிட்டுப் போறேன்” என்றேன். “நான் வெளியவே உக்காந்துக்கறேன்.”

அவர் கண் மூடியிருந்தது. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. இப்போதும் தினமும் அப்படித்தான் பார்க்கிறேன்.