அத்தானின் ரத்தமும் என் ரத்தமும்

என் சித்தி சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தின் சிவப்பணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அக்காவை அத்தை மகனுக்கே கொடுப்பதென்று பேசி முடித்து, எங்கள் தறியில் முகூர்த்தப் புடவைக்குப் பாவும் ஏற்றிய பிறகு, ஊசியும் குழாய்களுமாகக் காஞ்சிபுரம் வந்து இறங்கினாள்.

அக்காவின் சிவப்பணுக்களில் பிறவியிலேயே ஒரு குறை இருப்பதை அவள் முன்பே கண்டுபிடித்திருந்தாள். அதனால் அக்காவுக்கு ஒரு கெடுதலும் இல்லை. அத்தானுக்கும் அதே குறை இருந்தால்தான் வம்பு. பிறக்கும் பிள்ளை மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டு வாழ நேரலாம்.

"ஜாதகத்துலயே ஒம்போது பொருத்தம் இருக்குது. ரத்தத்துல இன்னாமா புதுசா பொருத்தம்?" என்றாள் அத்தை.

"மிச்சம் இருக்கிற அந்தப் பத்தாவதைப் பாக்கத்தான் வந்துகீறேன் அண்ணி" என்றாள் சித்தி, அசராமல்.

வீட்டில் எல்லோரிடமும் ரத்தம் எடுத்தாள். ஒன்பது வயதான என்னையும் விடவில்லை. நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கிப் பரிசு வாங்கிய அத்தானோ, ஊசியைப் பார்த்ததும் வெளுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்துவிட்டார். இந்த ரத்தம் எங்கே தேறப்போகிறது! கல்யாணம் நின்றால் எனக்குப் பட்டுப்பாவாடையும் கிடையாது. சித்தி கை கழுவப் போன நேரத்தில், குழாய்களில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளில் அவருடையதையும் என்னுடையதையும் மாற்றி ஒட்டினேன். இன்று நானும் சித்தியின் வேலையைத்தான் பார்க்கிறேன். பெயர்ச்சீட்டை மட்டும் மூன்று முறை சரிபார்ப்பேன்.

பத்து நாள் கழித்துச் சித்தி திரும்பி வந்தாள். அத்தானுக்கும் அதே குறை இருக்கிறதாம். அப்பா போய்த் தறியை நிறுத்தினார். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகையை என்னால் தாங்க முடியவில்லை.

"அது அத்தான் ரத்தம் இல்ல சித்தி, என்னுது" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா முதுகில் வைத்த அடி இன்னும் நினைவிருக்கிறது. அத்தானிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுபடி சுவரில் சாய்ந்தார். அவருக்கு ஒரு குறையும் இல்லை. தறி ஓடியது, கல்யாணம் நடந்தது, அரக்கு நிறத்தில் எனக்குப் பாவாடையும் வந்தது. என் திருட்டுத்தனத்தைச் சொல்லிச் சொல்லி வீடே சிரித்தது.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. என்னை அருகில் இழுத்து உட்காரவைத்து, இன்னொரு குழாய் ரத்தம் எடுத்தாள். செய்த தப்புக்குத் தண்டனை என்று நினைத்துக் கையை நீட்டினேன். அத்தான் பெயரில் வந்த அந்தக் குறை யாருடையது என்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.