ஆறு மணிக்குக் கடை சாத்தும் ஊர்

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டு வரும்போது சேதுபதி இடையில் கையை நீட்டுவார். கதவு உடனே விலகினால் சரி. கொஞ்சம் தயங்கினாலும் உதட்டைப் பிதுக்குவார். "சென்சார் சோம்பேறி." வியன்னாவில், ஸ்டீபன் தேவாலயத்தின் கோபுர லிஃப்டிலும் கையை நீட்டினார். லிஃப்டை இயக்குபவர் ஜெர்மனில் அதட்டினார். "பாயி, டெஸ்டிங், டெஸ்டிங்" என்று சமாதானம் சொன்னார் சேதுபதி.

துபாய் கராமாவில் வீடு. அல் கூஸில் கம்பெனியின் ஒர்க்‌ஷாப். இருபத்தெட்டு வருடமாக லிஃப்ட் பராமரிப்பு. பிறந்தது மானாமதுரைப் பக்கம். அந்த ஊர்ப் பேச்சின் மேல் இந்தியும் அரபும் ஒரு பூச்சாக ஏறியிருக்கின்றனவே தவிர, அடியில் ஒன்றும் உதிரவில்லை.

கோபுரத்தின் மேலே மகள் இளவேனில், வண்ண ஓடுகள் வேய்ந்த கூரையைப் படமெடுத்தாள். அவர் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லிஃப்டின் கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரண்மனையில் வழிகாட்டி மகாராணியின் படுக்கையறையைக் காட்டியபோது, "அம்புட்டுப் படியும் அந்தம்மா ஏறியா எறங்குச்சு? முட்டி என்னத்துக்காகும்? கேளுத்தா" என்றார். இளவேனில் கேட்கவில்லை. அவளும் மெக்கானிக்கல் படித்தவள்தான். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

இந்தப் பயணம் போன வருடமே நடந்திருக்க வேண்டியது. மூன்று டிக்கெட் போட்டிருந்தார்கள். புறப்பட இருபது நாள் இருக்கும்போது இளவேனிலின் அம்மா கனகா இறந்தார். இதயம். இந்தப் பிப்ரவரியில் இரண்டு டிக்கெட்.

கனகா ஒரு லிஸ்ட் எழுதி வைத்திருந்தார். காலண்டர் தாளின் பின்பக்கம், ஒன்பது வரி. எந்த ஊருக்குப் போனாலும் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு ஏதாவது வாங்காமல் திரும்புவது கராமாவில் மரியாதையில்லை. எதிர் ஃப்ளாட் அஸ்மத் பீவிக்கு, மது கலக்காத சாக்லேட். வாட்ச்மேனுக்குக் குல்லா. சூப்பர்வைசர் பாலமுரளிக்கு "ஏதாவது, பெரிசா வேண்டாம்." கடைசி வரி: "எனக்கு – கையுறை, சிவப்பு." எழுதுவதும் தேர்ந்தெடுப்பதும் எப்போதும் கனகா. சேதுபதியின் வேலை தூக்குவது மட்டும். இந்த முறை லிஸ்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, காதில் பேனாவைச் செருகி, அவரே பொறுப்பேற்றார். "ஒரு வரி பாக்கியிருந்தாலும் ஜாப் க்ளோஸ் ஆகாதுத்தா."

சனிக்கிழமை ஒரு நாள்தான் கையில் இருந்தது. மறுநாள் காலை விமானம்.

"ஃபர்ஸ்ட் ஷாப்பிங் முடிச்சிடலாமாப்பா?" என்று காலையிலேயே கேட்டாள் இளவேனில்.

"கடைக்கு எவனாச்சும் பகல்ல போவானா? வெயில் தாழட்டும்."

துபாய்க்காரர்களுக்கு இது சட்டம். அங்கே பிறந்து வளர்ந்த இளவேனிலுக்கும் அதை மறுக்கத் தோன்றவில்லை. மைனஸ் இரண்டு டிகிரியில், வெயில் தாழக் காத்திருந்தவர்கள் அன்று அந்த ஊரிலேயே அவர்கள் இருவராகத்தான் இருக்கும். காபி குடித்தார்கள். கேக் சாப்பிட்டார்கள். தெருவிளக்குகள் எரிந்தன. "லைட்டு போட்டாச்சு. இனிமேத்தான் களைகட்டும். யல்லா!" என்று எழுந்தார்.

கடைத்தெருவை அடைந்தபோது மணி ஆறு. வரிசையாகக் கதவுகள் பூட்டப்பட்டன. இளவேனில் ஒரு கண்ணாடியில் ஒட்டியிருந்த நேரப் பலகையைப் படித்தாள். "சாட்டர்டே ஆறு மணி வரைக்கும்தான்பா. சண்டே ஃபுல்லா க்ளோஸ்."

"ஆறு மணிக்கா? ஊருல எழவு விழுந்துருச்சா என்ன?" என்றார். உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். நான்கு தெரு. எல்லாம் பூட்டு.

ஒரு சந்தின் கோடியில் நினைவுப் பொருள் கடை ஒன்றின் ஷட்டர் இடுப்பு உயரத்தில் சிக்கி நின்றது. கடைக்காரர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பங்களாதேஷ்க்காரர்.

"பாயி, ஷட்டர் கராப்?" என்றார் சேதுபதி.

அந்த இந்தியைக் கேட்டதும் கடைக்காரர் நிமிர்ந்தார். "துபாய்?"

"துபாய்."

"நானும் இருந்தேன், அல் கூஸ் லேபர் கேம்ப், ஏழு வருஷம்!" என்று இந்தியில் கத்தினார்.

சேதுபதி குனிந்து பார்த்தார். இளவேனிலும் பார்த்தாள். ஷட்டரின் பட்டை ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து தடத்தில் உரசிக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் ஒரு தட்டு. ஐந்து விநாடி வேலை.

"பெரிய கம்ப்ளெயின்ட்" என்றார் சேதுபதி, முகத்தைச் சுருக்கி. "அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள எம் மக ரெண்டு சாமான் பாக்கட்டும்."

இளவேனில் அப்பாவைப் பார்த்தாள். குனிந்து கடைக்குள் நுழைந்தாள்.

அவர் ஷட்டரைச் சும்மா ஒருமுறை ஆட்டுவதும், வந்து ஒரு பொருளை எடுப்பதும், டிக் போடுவதுமாக இருந்தார். மது இல்லாத சாக்லேட்டுக்காக மூன்று டப்பாக்களின் பின்பக்கத்தைக் கடைக்காரரையே வாசிக்க வைத்தார். பாலமுரளிக்கு ஒரு சாவிக்கொத்து, பெரிசாக இல்லை. எட்டாவது டிக்கில் கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதோ" என்று சேதுபதி உள்ளே நின்றபடியே பட்டையை ஓர் அறை அறைந்தார். ஷட்டர் கடகடவென்று தரைவரை இறங்கியது. மூவரும் உள்ளே.

"கலாஸ், முடிஞ்சது" என்றார் சேதுபதி. "கடை சாத்தியாச்சுல்ல? இனிமே அவசரமில்ல. இன்னும் ஒண்ணு பாக்கி."

கடைக்காரர் சிரித்துவிட்டார். மேல்தட்டிலிருந்து சிவப்புக் கையுறைகளை இறக்கினார். சின்னது, நடுத்தரம், பெரியது. இளவேனிலின் விரல்களைப் பார்த்துவிட்டு, "மகளுக்கா? மீடியம்?" என்று இந்தியில் கேட்டார்.

இளவேனில் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

சேதுபதி தன் இடது உள்ளங்கையை விரித்தார். வலது கட்டைவிரலை நடுவிரலின் மேல்கணு ரேகைக்குச் சற்றுக் கீழே, கனகாவின் விரல்நுனி எட்டும் இடத்தில் வைத்து, நகராமல் அழுத்திப் பிடித்து, கடைக்காரரிடம் நீட்டினார்.

"இம்புட்டு."