யானைப் பெட்டியும் பூட்டுக் காவலும்

கொம்பியூட்டர் அசையாமல் இறுகிவிட்டால் நீங்கள் நிறுத்தித் திரும்பப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவீர்கள். அது ஏன் இறுகியது என்று தேடுவதுதான் எங்கள் பிழைப்பு. கிளிநொச்சியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் மூன்று பேர் இருக்கிற மென்பொருள் நிலையம். மகளை முன்பள்ளியில் விட்டுவிட்டு வந்து, மற்றவர்கள் எழுதியதைச் சோதிப்பது என் வேலை. இறுகின திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தம்தான்.

போன காலபோக நெல் விதைப்போடு வந்த வேலை யானைப் பெட்டி. ஒட்டுசுட்டானில் வயலைச் சுற்றியுள்ள மின்வேலியை யானை அறுத்தால் வீட்டில் சைரன் அடிக்கவேண்டும். பெட்டி இறுகினால் சைரன் இல்லை, சைரன் இல்லாவிட்டால் நெல்லும் இல்லை. பரீட்சார்த்தமாக வைத்த முதற்பெட்டி வாரத்தில் ஒருநாளாவது இறுகியது. கதிர் முற்ற முன்னம் திருத்தியாக வேண்டும்.

குசினிக்குள் இரண்டு பேர்

பெட்டி வைத்திருந்த வயல்காரி பத்மாக்கா போனில் காரணம் கேட்டா. பெட்டிக்குள் எல்லா வேலைக்கும் அடியில் கேர்னல் என்றொரு நிரல் ஓடுகிறது. ஒரு பொருளை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் தொடாமல் இருக்க அதற்குள் பூட்டுகள் உண்டு என்றேன். அவாவுக்குப் பிடிபடவில்லை. ஒருத்தி தாச்சியைப் பிடித்துக்கொண்டு அகப்பைக்குக் காத்திருக்கிறாள், மற்றவள் அகப்பையைப் பிடித்துக்கொண்டு தாச்சிக்குக் காத்திருக்கிறாள், இரண்டு பேரும் விடுகிறதில்லை என்று சொன்னேன். அது பிடிபட்டுவிட்டது. பிறகு கேட்டா: "அப்ப மாமியையும் மருமகளையும் ஒரு குசினிக்குள்ள விட்டது ஆர், பிள்ளை?"

காவல் போட்டால் நல்லபிள்ளை

விட்டது நிரோசன், எங்களிடம் நிரல் எழுதுகிறவர். இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. எந்தப் பூட்டுக்குப் பிறகு எந்தப் பூட்டு எடுபடுகிறது என்று ஓடும்போதே கேர்னல் நினைவில் வைத்திருக்கும்; வரிசை எப்போதாவது மாறினால், இறுகாவிட்டாலும் 'இறுகக்கூடும்' என்று திரையில் எழுதும். நாங்கள் அதைக் காவல் என்போம்.

காவலோடு ஓடவிட்டால் பெட்டி இறுகவேயில்லை. ஒவ்வொரு பூட்டையும் அது பார்ப்பதால் எல்லாம் மெதுவாகி, இரண்டு வேலைகளும் முட்டிக்கொள்கிற நேரம் தவறிவிடுகிறது என்று நினைத்தோம். சைரனும் பிந்தித்தான் அடித்தது. நிரோசனுக்கு மட்டும் முகம் மலர்ந்தது: "அக்கா, பிந்தினாலும் அடிக்குதுதானே, காவலோடையே குடுத்துவிடுவம்."

மூன்று நாள் அமைதி

பெட்டியைப் போட்டவுடன் பச்சை விளக்கின் பூட்டைப் பற்றிக் காவல் ஒருமுறை முறையிடும். விளக்குத்தானே என்று விட்டுவிட்டோம். அதன்பின் நாள் முழுக்கச் சத்தமில்லை. மூன்று நாளும் 'பிழை இல்லை' என்று சந்தோசமாக அறிக்கை எழுதினேன். உங்களுக்கும் இப்படி நாட்கள் வந்திருக்கும்.

நாலாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். அவளை மடியில் போட்டுக்கொண்டு காவலின் விளக்கக் குறிப்பை ஆறுதலாக வாசித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது: முதல் முறைப்பாட்டோடு காவல் பூட்டு வரிசை பார்ப்பதை நிறுத்திவிடும், பெட்டியை மெதுவாக்குவதை மட்டும் விடாது. விளக்கைப் பற்றி முறையிட்டவுடனேயே அது ஒவ்வொரு நாளும் நின்றுபோயிருக்கிறது. அடுத்தநாள் பொறுப்பாளர் அண்ணையிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் அறிக்கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நித்திரை கொண்ட காவல்காரனிட்டை மூண்டு நாளாக் கையெழுத்து வாங்கியிருக்கிறியள், தங்கச்சி."

பத்மாக்காவின் பட்டன்

விளக்கைத் திருத்தினோம். காவல் இப்போது விழித்திருந்தது; ஆனாலும் ஓபிசில் ஒன்றும் சொல்லவில்லை. நடந்த வரிசையைத்தான் அது அறியும், நடக்காததை அறியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒட்டுசுட்டானுக்கு பஸ் ஏறினேன்.

பொழுதுபடுகிற நேரம் பத்மாக்கா வந்து சைரனைச் சோதிக்கிற பட்டனை அமத்தினா. காவல் உடனே எழுதியது. வேலியிலிருந்து செய்தி வந்தால் முதலில் வேலிப் பூட்டு, பிறகு சைரன் பூட்டு. பட்டனை அமத்தினால் அது தலைகீழ்; இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் தாச்சியும் அகப்பையும்தான். ஓபிசில் அந்தப் பட்டனை ஒருவரும் தொட்டதில்லை. அவா நாள்தோறும், யானை வருகிற நேரமாகப் பார்த்துத் தொட்டிருக்கிறா. விசயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது: "அது உயிரோட கிடக்கோ எண்டு பாக்கத்தான் அமத்தினனான், பிள்ளை."

அரிவு வெட்டு

பிழை எங்களுடையது, அவாவுடையது இல்லை. இரண்டு வழியிலும் வேலி முதல், சைரன் பிறகு என்று நிரோசன் அரைநாளில் மாற்றினார். ஒரு கிழமை பட்டனை அமத்தி அமத்தி என் விரல் நொந்தபின், காவலை எடுத்துவிட்டுப் பெட்டியைக் கொடுத்தோம். யானை வந்தது, சைரனும் நேரத்துக்கு அடித்தது. நெல் அரிவு வெட்டு முடிந்ததும் பத்மாக்கா போன் எடுத்தா: "மூலையில ரெண்டு துண்டு வயல் போச்சு, மிச்சம் வீட்டை வந்திட்டுது, பட்டனை இப்பவும் அமத்துறனான், கோவிக்காதேங்கோ."

பிழை இல்லாத நாள் என்பது எங்கள் தொழிலில், பெரும்பாலும், பிழையைக் கேட்க ஆளில்லாத நாள்தான்.