நாற்பதில் மட்டும் கேட்ட சத்தம்

முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் வரைக்கும் என் மோட்டார் சைக்கிள் நல்ல பிள்ளை. ஐம்பதைத் தாண்டினால் காற்றுச் சத்தத்தில் எல்லாம் அமுங்கிவிடும். நாற்பதில், கையை முறுக்காமல் அப்படியே விட்டு ஓடும்போதுதான், எங்கேயோ உள்ளேயிருந்து 'கிண், கிண், கிண்' என்று வரும். யாரோ ஒரு குட்டி ஆள் உள்ளே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிற மாதிரி.

என் பிழைப்பே அந்த நாற்பதில்தான் இருந்தது. மாத்தளை டவுனில் மிளகு வாங்கி விற்கும் முதலாளி ஒருவரிடம் வேலை செய்தேன். நாலந்தாப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய், மிளகு நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று கடித்துப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பல் நன்றாக இருந்ததால்தான் இந்த வேலை கிடைத்தது என்று முதலாளியின் முகத்துக்கு நேராகவே சொல்வேன்.

போக வர ஒரே ரோடு. யுத்த காலம், அந்த ரோட்டில் ஆமிச் செக்பொயிண்ட். அங்கே எஞ்சினை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் ஆமிக்காரரின் முகம் மாறும். ஊரில் ஒருத்தரை விடாமல் நக்கலடிக்கிற என் வாய் அந்த இடத்தில் மட்டும் தானாக மூடிக்கொள்ளும். எங்கள் பக்கத்து லயத்து வீட்டுப் பையனைச் சந்தேகத்தில் பிடித்துப் போனார்கள். அவன் அம்மா ஆமிக் காம்ப் காம்பாக அலைந்ததை எல்லாரும் பார்த்திருந்தோம். என் அம்மாவும் பார்த்திருந்தார்.

கராஜில் வேலை செய்த என் கூட்டாளி, ரத்தோட்டைப் பக்கத்தில் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையன், அந்தச் சத்தத்தைத் தேடிச் செயினை இறுக்கினான், மட்கார்டை இறுக்கினான், இறுக்க இனி ஒன்றும் இல்லை என்கிற வரைக்கும் இறுக்கினான். நிறுத்தி வைத்து எவ்வளவு முறுக்கினாலும் சத்தம் வரவில்லை.

"மச்சான், பைக்குக்கு ஒண்ணும் இல்லடா. ஒன் காதுலதான் கோளாறு."

"அப்ப நாளைக்கு எம் பின்னால ஏறு. ஓடுறப்ப காத வச்சுக் கேளு, டாக்டர்மாரு நெஞ்சுல வச்சுக் கேக்குற மாதிரி."

"குழியில விட்டுராத. என் காது ரோட்டுல கெடக்கும்."

"கெடந்தா பொறுக்கித் தாறேன். ஒனக்கு ரெண்டு இருக்குல்ல."

அடுத்த நாள் காலையில் புறப்பட்டோம். நாற்பது. 'கிண், கிண்.' அவன் முதலில் சீட்டில் காதை வைத்தான். பிறகு பக்கவாட்டில் தொங்கினான். எதிரே வந்த பஸ் டிரைவர் கையை விரித்து எங்களைத் திட்டிக்கொண்டே போனார்.

"டேங்க் பக்கம்டா!" என்று கத்தியவன், என் கைக்குக் கீழே தலையை நுழைத்துக் கன்னத்தை டேங்கில் அமுக்கினான்.

"பொண்டாட்டி மாதிரி மடியில படுக்காதடா."

"பேசாம நாப்பதுலயே ஓட்டு!"

அப்படியே வளைவைத் திரும்பினேன். முதல் நாள் அந்த வளைவில் செக்பொயிண்ட் இல்லை. இப்போது மணல் மூட்டை இருந்தது, பீப்பாய் இருந்தது, எங்களையே குறி பார்க்கிற துவக்குகள் இருந்தன. அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? இரண்டு தமிழ்ப் பொடியன்கள் வருகிறார்கள், அவர்களில் ஒருத்தன் தலையை ஒளிக்கிறான்.

"நவத்தன்ன!" நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். கையைத் தூக்கச் சொல்லும் முன்பே தூக்கினோம். எங்கள் இரண்டு பேருக்கும் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். அன்றைக்கு அந்தத் தண்ணீரும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

"எதுக்கு ஒளிஞ்ச?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

"ஒளியல சேர். சத்தம் கேட்டேன்," என்றான் கூட்டாளி.

"என்ன சத்தம்?"

"டேங்குக்குள்ள, கிண் கிண்ணுன்னு."

டேங்குக்குள்ளே என்றதும் பின்னால் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பண்ணினேன். முறுக்கினேன். சத்தம் இல்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் வாய், திறக்கக் கூடாத நேரம் பார்த்துத் திறந்துகொண்டது.

"அதுக்கு வெக்கம் சேர். இவ்வளவு ஆம்பளைங்க நின்னா பாடாது."

ஒரு சின்ன ஆமிக்காரன் சிரித்தான். சார்ஜன்ட் திரும்பிப் பார்க்க, அவன் சிரிப்பை விழுங்கினான். கூட்டாளி என் இடுப்பைக் கிள்ளியது இன்னும் வலிக்கிறது.

ஓட்டினால்தான் சத்தம் வரும். சத்தத்தைக் காட்டினால்தான் விடுவார்கள். விட்டால்தான் ஓட்ட முடியும். அதை நான் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன், ஒவ்வொரு விதமும் முந்தியதைவிடப் பொய்யாகக் கேட்டது. கடைசியில் சார்ஜன்டே வழி சொன்னார். கூட்டாளியும் எங்கள் அடையாள அட்டைகள் இரண்டும் இங்கே இருக்கும். சிரித்த ஆமிக்காரன் என் பின்னால் ஏறுவான்.

"மச்சான், அப்படியே ஓடிறாதடா," என்றான் கூட்டாளி.

"அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

துவக்கு என் விலாவில் உரச, ஓட்டினேன். முப்பத்தைந்து. நாற்பது. ஒன்றும் இல்லை. இத்தனை நாள் என் உயிரை எடுத்த சத்தத்தை, வா, வந்து தொலை என்று மனதுக்குள் கெஞ்சினேன். நேரான ரோடு வந்தது. 'கிண், கிண், கிண்.'

"கேக்குதா சேர்!"

பின்னால் இருந்த ஆமிக்காரன் காதைச் சாய்த்தான். அவன் முழங்கால்கள் என்னை இறுக்கிப் பிடித்தன. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இந்த வண்டி நான் ஓட்டாத நேரமெல்லாம் முதலாளி கடைக்கு முன்னால் மரத்தடியில் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் உள்ளே வைத்திருக்கலாம்.

வேகத்தைக் குறைக்கப் போனேன். காதோரம் குரல் வந்தது.

"நிப்பாட்டாத!"

"ஏன் சேர்?"

"நிப்பாட்டி வெடிச்சுட்டா?"

"ஓடி வெடிச்சுட்டா சேர்?"

"தெரியாது. நீ ஓட்டு."

ஓட்டினேன். நாற்பதுக்கு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். துவக்கு வைத்திருந்தவனும் நானும் ஒரே சீட்டில், இறங்க வழியில்லாமல், நாலந்தா வரைக்கும் போய்விடுவோம் போலிருந்தது. வழியில் எருமைகள் ரோட்டைக் கடந்தன. வேறு வழியில்லை, பிரேக் பிடித்தேன். சத்தம் நின்றது. நாங்கள் வெடிக்கவில்லை. எருமைகள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் குதித்து மாமரத்துக்குப் பின்னால் போய் நின்று, "கழட்டு!" என்றான்.

சீட்டை எடுத்து, நட்டைக் கழற்றி, பெட்ரோல் டியூபை உருவி, டேங்கைத் தூக்கினேன். அடியில் ஓடும் இரும்புக் குழாயில் கறுப்பு நூல். நூலில் விரல் நீளத்துக்குச் செம்புக் கூடு, இரண்டு பக்கமும் அரக்கு வைத்து அடைத்தது.

வண்டி வாங்கிய அன்றைக்கு அம்மா எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். "என்னம்மா, பைக்குக்கு ஊறுகாயா?" என்று அறுத்து எறிந்தேன். கோயிலில் மந்திரித்த தாயத்தை நான் பார்க்காத இடமாகத் தேடி, கையைக் கீழே விட்டுக் கட்டியிருக்கிறார். ஆமிக்காரர் என்னைப் பிடிக்கக் கூடாது என்று.

"தொடாத!" என்றபடி அவன் வந்தான். குனிந்து பார்த்தான். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றி, கழுத்திலிருந்து ஒன்றை வெளியே இழுத்தான். அதே கறுப்பு நூல், வெள்ளிக் கூடு.

"சுரய," என்று சிங்களத்தில் தாயத்தின் பேரைச் சொன்னான். "யார் கட்டினது?"

"அம்மாவாத்தான் இருக்கும் சேர்."

"எனக்கும் அம்மாதான்."

அவனே பக்குவமாக நூலை அவிழ்த்து, எல்லாரும் பார்க்கும்படி ஹேண்டிலில் கட்டிவிட்டான். டேங்கை மாட்டித் திரும்பிப் போனதும் சார்ஜன்ட் அதை உருட்டிப் பார்த்தார், பிரித்துப் பார்க்கக் கத்தி கேட்டார். யாரும் கத்தியை நீட்டவில்லை. உடைத்தால் கட்டினவர் பாவம் பிடிக்கும் என்று ஒருத்தர் முணுமுணுத்தார். சார்ஜன்ட் தாயத்தை விட்டுவிட்டு அட்டைகளைத் திருப்பித் தந்தார்.

"யன்ன."

போகச் சொல்லிவிட்டார். அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் மெதுவாகவே போனோம். வளைவு தாண்டியதும் நீளமாக மூச்சு விட்டு, நாற்பதுக்கு வந்தேன்.

'கிண், கிண், கிண்.'

தாயத்து ஹேண்டிலில் அசையாமல் இருந்தது. நன்றாக இறுக்கித்தான் கட்டியிருந்தான்.

"மச்சான், ஒனக்கு ஏதாச்சும் கேக்குதா?" என்றேன்.

அவன் ரோட்டோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இல்ல. ஒனக்கு?"

"எனக்குங் கேக்கல."

அவன் சத்தமாகப் பாட ஆரம்பித்தான். அவ்வளவு கேவலமான பாட்டுக்கு அன்றைக்கு நான் ஒரு நக்கலும் அடிக்கவில்லை.

வீட்டில் அம்மா ஹேண்டிலைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அதான் விட்டுட்டாங்க," என்றார்.

"அதுனாலதாம்மா புடிச்சாங்க!"

"புடிச்சவங்க விட்டாங்களா இல்லியா?"

ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அம்மா நூலில் இன்னும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார், "சரி, ஒன் சத்தம் நின்னுச்சா?"

"நின்னுடுச்சும்மா."

அதற்குப் பிறகு அந்த ரோட்டில் நான் முப்பத்தைந்தில் போவேன், அவசரம் என்றால் ஐம்பதுக்கு மேலே போவேன்.