கோச்சு வரும் இடம்

போன சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் பிரியாவிடை விருந்து. ஒரு மாதமாக அங்கே கார் பேச்சுத்தான். எந்தக் கார், யார் ஓட்டுவது, துணைக்கு யார் போவது, மழை வந்தால் என்ன செய்வது. வழியனுப்பப் போன நான் கார்க் கதவைத் திறந்து பிடித்தேன். உள்ளேயிருந்து பழைய தோல் இருக்கையின் வாசனை வந்தது. அப்புறம் அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்றுகூட எனக்கு நினைவில்லை. வயதானவர்களைக் கார்க் கதவருகில் நிறுத்தக்கூடாது.

இலங்கை மலைநாட்டில், எங்கள் பதுளைக்கு ரயில் வராத காலம் அது. பண்டாரவளையோடு தண்டவாளம் முடிந்துவிடும். பதுளைக் கடைவீதியில் எங்கள் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. எனக்குப் பார்த்த மாப்பிள்ளைகள் எல்லாம் ஏதாவது ஒரு காரணத்தால் தட்டிப்போக, நான் படித்த மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் நிம்மதி. எனக்கு முழுக்க நிம்மதி.

பள்ளியை நடத்தியது ஒரு வெள்ளைக்கார அம்மாள். ஊரே அவரைத் தொரசாணி என்றுதான் சொல்லும். நல்ல மனுஷி. இங்கே வருவதற்கு முன் திருநெல்வேலிப் பக்கம் பல வருஷம் இருந்தவர், அங்கேதான் தமிழ் படித்தார். அந்தத் தமிழில் அவருக்கு அலாதிப் பெருமை. நாங்கள் 'போறோம்' என்றால், 'போகிறோம்' என்று திருத்துவார்.

அந்த வருஷம் மேல்வகுப்புப் பெண்களுக்கு ஒரு பிரிவு விழா வைத்தார். விளக்கு வைத்ததும் பாட்டு, வாசிப்பு, பிறகு தேநீர். பார்வைக்குச் சாதாரணம்தான். ஆனால் கண்டியில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அதன் தலைவி விழாவுக்கு வருவதாக இருந்தார். பெண்களை நேரில் பார்த்து, வாசிக்கக் கேட்டு, ஒருத்தியைத் தேர்ந்து எடுத்துக்கொள்வார். மறுநாள் விடியலில் கிளம்பிவிடுவார்.

அந்த ஒருத்தி காமாட்சிதான் என்று எங்களுக்குள் முடிவாகியிருந்தது. ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் அப்பா பெரிய கங்காணி. அத்தனை ஆட்களுக்கும் தலைவர். தோட்டத்துப் பெண் மேல்வகுப்பு வரை வந்ததே அதிசயம். அவள் வாசிக்கும்போது சின்னப் பிள்ளைகள்கூட மூக்கு உறிஞ்சுவதை நிறுத்திவிடும். அவள் அப்பா எங்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"அந்தம்மா எடுத்துக்கிட்டா படிக்கட்டும். இல்லாட்டி தையில கல்யாணம். மாப்பிள்ள வீட்டுக்குச் சொல்லியாச்சு."

வெளியூர்ப் பெண்களை எதில் அழைத்து வருவது என்பதுதான் பெரிய ஆராய்ச்சியாக இருந்தது. பத்திரமாகவும் வர வேண்டும், பார்க்க லட்சணமாகவும் இருக்க வேண்டும். கூண்டு வண்டி என்றேன். வைக்கோலும் புண்ணாக்கும் நாறும் பட்டோடு வந்து விருந்தாளி முன்னால் நிற்பதா என்றார் தொரசாணி. ரிக்‌ஷா ஹாலிஎல ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஒரு தோட்டத்துத் துரையிடம் மோட்டார் கார் இருந்தது. ஆனால் அதில் போகிற துரையே பாதி வழி அதைத் தள்ளிக்கொண்டுதான் வருவார். கடைசியில் கடைவீதியிலிருந்த ஒரு மூடிய குதிரை வண்டி அமைந்தது. தோல் இருக்கை, இரண்டு பக்கமும் பித்தளை விளக்கு. ஜன்னல் திரைக்கு அப்பா கடையிலிருந்து சிவப்புத் துணி கொண்டுபோனேன். கல்யாணத்துக்கா போகிறோம் என்று சொல்லித் தொரசாணி நீலம் எடுக்கவைத்தார். வண்டிக்காரர் குடிக்கிறாரா என்று பார்க்க அவரை வாய் ஊதச் சொல்லி, தானே முகர்ந்து பார்த்தார். அந்த மனிதர் அன்றிலிருந்து தொரசாணியைக் கண்டால் தூர நின்றே பேசுவார்.

அந்த வண்டியைத் தொரசாணி 'கோச்சு' என்பார். திருநெல்வேலியில் அப்படித்தான் சொல்வார்களாம். கேட்டுக் கேட்டுப் பள்ளிக்கூடத்தில் நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம்.

விழாவுக்கு முந்தின வாரம் காமாட்சியை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கங்காணி வந்திருந்தார். தொரசாணி அவரிடம் தன் நல்ல தமிழில் சொல்லியிருக்கிறார்: "சனிக்கிழமை கோச்சு வரும் இடத்துக்குப் பெண்ணை அழைத்து வாருங்கள். அங்கிருந்து நாங்கள் கூட்டிப்போகிறோம்." கங்காணி, "சரிங்க தொரசாணி" என்று கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளைக்காரர் ஒன்று சொன்னால் திருப்பிக் கேட்கிற வழக்கம் தோட்டத்தில் கிடையாது. நான் அப்போது வகுப்பில் இருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் துணைக்கு நான்தான் வண்டியில் போனேன். குதிரையென்றால் எனக்குப் பயம், அதனால் குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். என்னவோ அதுதான் என்னைத் துரத்திவருவது போல. வழியில் இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு, ஹாலிஎலவில் தோட்டத்துப் பாதை வந்து சேரும் முடக்கில் நிறுத்தினோம். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பாதையில் யாரும் இல்லை. குதிரையைப் பார்த்துக்கொள்ள வண்டியோடு வந்த குதிரைக்காரரை மேலே, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு, கங்காணி வீட்டைப் பார்க்க அனுப்பினேன். உள்ளே இரண்டு பெண்களும் புதுப் பட்டு கசங்காமல் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் திரும்பி வந்து சொன்னார். "வீட்ல ஆள் இல்லீங்க. விடியக்காலையே மாட்டு வண்டி கட்டிப் போயிட்டாங்களாம். கோச்சி ஏற."

உங்களுக்கு இதை எப்படிச் சொல்வது? எங்கள் மலையில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும், கோச்சி என்றால் ரயில். கோச்சி வரும் இடம் என்றால் ஸ்டேஷன், ஸ்டேஷன் என்றால் பண்டாரவளை. தேர்ந்தெடுக்கும் அம்மாள் கண்டிக்காரர், ஆகவே பிள்ளையை ரயிலில் கண்டிக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். அவர் நினைத்ததில் ஒரு பிசகும் இல்லை. கோச்சி என்று அவர் சொல்லக் கேட்ட காமாட்சியும் விழா கண்டிக்கு மாறிவிட்டது என்று நம்பியிருப்பாள்; அப்பா சொன்னதைத் திருப்பிக் கேட்கிற பெண் அல்ல அவள். பண்டாரவளைக்கு மலையேறிப் போய்த் திரும்ப அந்தக் குதிரையால் ஆகாது என்றார் வண்டிக்காரர். ஆகும் என்றாலும் விழாவுக்குள் திரும்ப நேரம் போதாது. உள்ளே இருந்த இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். வண்டியைப் பதுளைக்குத் திருப்பச் சொன்னேன். அதைத் தவிர வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன், இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.

விழா நன்றாகத்தான் நடந்தது. தொரசாணி விருந்தாளியிடம் இன்னும் கொஞ்சம் தங்கும்படி கெஞ்சிப் பார்த்தார். அந்த அம்மாளுக்கு நுவரெலியாவில் வேறு பள்ளி காத்திருந்தது. நேரில் கேட்காத பெண்ணை எடுக்க முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, என்னோடு வண்டியில் வந்த ஒருத்தியை எடுத்துக்கொண்டார். அவளும் நல்ல பெண்தான். அவள்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

திங்கட்கிழமை கங்காணி மகளோடு வந்தார். தலைப்பாகை கையில் இருந்தது. சனிக்கிழமை வந்த ரயில்களையெல்லாம் பார்த்துவிட்டு, பண்டாரவளையில் தெரிந்த கடைக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். தொரசாணி அவர்களைக் கண்டதும் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் எல்லார் முன்னாலும் அழுதார். கங்காணிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"தொரசாணி மேல தப்பில்லீங்க. கோச்சினு சொன்னீங்க, கோச்சிக்குத்தான் போனோம்."

காமாட்சி என்னைத் தனியே பார்த்து, "அந்தம்மா போயிட்டாங்களா, டீச்சரம்மா?" என்று கேட்டாள். போய்விட்டார் என்றேன். தலையை ஆட்டினாள். "ஒவ்வொரு கோச்சியிலயும் ஏறுறவங்களயும் எறங்குறவங்களயும் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பா சாப்பிடக் கூப்பிட்டாங்க. நாம நகந்த நேரம் பாத்து நீங்க வந்துட்டா என்ன பண்றதுன்னு போகல."

அடுத்த வருஷம் வரை பொறுக்கும்படி நான் கங்காணியிடம் கேட்டேன். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

தையில் கல்யாணம் நடந்தது. பிற்பாடு பதுளைக்கே ரயில் வந்தது. குதிரை வண்டி ஓட்டம் படுத்தது, லாயம் இருந்த இடத்தில் கடைகள் எழும்பின. தொரசாணி சீமைக்குத் திரும்பிப் போனார். அவர் சொன்ன அர்த்தத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல இன்று பதுளையில் என்னைத் தவிர யாரும் இல்லை. நானும் சொல்வதில்லை.

காமாட்சி முதன்முதலாகக் கோச்சி ஏறியது கல்யாணத்துக்குப் பிறகுதான், அதே பண்டாரவளையில். புருஷனோடு அட்டன் பக்கத் தோட்டம் ஒன்றுக்குப் போனாள். அப்புறம் அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அட்டனில் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தால், அந்தத் தண்டவாளம் அவளைக் கண்டிப் பக்கம்தான் கொண்டுபோயிருக்கும்.